முட்டி இடம் சேர்ந்த பிறகு

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயிலில் நுழைகிறவர்கள் கொஞ்சம் நின்று இருபக்கச் சுவர்களையும் பார்த்தால், நாட்டிய சாத்திரம் வகுத்த 108 கரணங்களும் கல்லில் ஆடிக்கொண்டிருக்கும். கைகளின் அழகிலும் இடுப்பின் வளைவிலும் கண் போய்விடுவது இயல்பு. முழங்கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால் வேறொன்று தெரியும். பெரும்பாலான சிற்பங்களில் முழங்கால் மடங்கியிருக்கிறது. அதுவும் வெளிப்பக்கம் திரும்பி மடங்கியிருக்கிறது. 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி விழாவுக்காக மகா சிவராத்திரிதோறும் இந்த ஊருக்கு வந்து ஆடுகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஆட்டம் முழுவதும் உடலின் எடையைத் தாங்குவது இதே மடிப்புதான்.

அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் கடலூர். அங்கே முழங்கால்கள் மடங்குவது பந்துக்காக. இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். அந்த ஊரில் பெண் பிள்ளைகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவது யாருக்கும் புதுமை இல்லை. கபடியும் உண்டு, வாலிபாலும் உண்டு.

ஆடுகிற பிள்ளைக்கும் விளையாடுகிற பிள்ளைக்கும் பொதுவாக நேரக்கூடிய ஒரு காயம் இருக்கிறது. பாதம் தரையில் பதிந்திருக்கும். உடல் வேறு பக்கம் திரும்பும். தொடை எலும்பு உட்பக்கமாகச் சுழலும்போது தொடைத்தசை வெடுக்கென்று இழுக்க, முட்டிச்சில்லு தன் பள்ளத்தை விட்டு வெளிப்புறமாகச் சரிந்துவிடும். யாரும் இடித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை அலறிக்கொண்டு விழும். முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு மேடு எழுந்திருக்கும், சில்லு இருக்க வேண்டிய இடம் குழிந்திருக்கும். ஆனால் காலை நீட்டியதும் பல நேரங்களில் சில்லு தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். சுற்றி நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். குணமாகும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த வேலையில் பெரும்பகுதி முட்டியில் நடப்பதில்லை, தொடையில் நடக்கிறது.

இது பதின்வயதுக்கே உரிய காயம் என்று சொல்லிவிடலாம். பின்லாந்தின் ஹெல்சின்கியில் நீட்டோஸ்வாரா குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் லட்சத்துக்கு 43 பேருக்கு ஆண்டுதோறும் முட்டிச்சில்லு விலகுகிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஃபிதியன் குழுவினர் 2004இல் வெளியிட்ட கணக்கு இன்னும் தெளிவானது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், முதல்முறை விலகல் ஆண்டுக்கு லட்சத்துக்கு ஆறு பேருக்கும் குறைவு. 10 முதல் 17 வயது வரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 29 ஆகிறது.

காரணம் முழங்காலின் அமைப்பிலேயே இருக்கிறது. தசைநாணுக்குள் புதைந்து வளரும் எலும்புகளில் உடலிலேயே பெரியது முட்டிச்சில்லு. பிறக்கும்போது அது வெறும் குருத்தெலும்பு. மூன்று முதல் ஆறு வயதுக்குள்தான் எலும்பாக மாறத் தொடங்குகிறது. கிணற்றுக் கயிற்றுக்கு உருளை என்ன செய்கிறதோ, அதையே தொடைத்தசையின் இழுப்புக்கு இந்தச் சில்லு செய்கிறது: இழுக்கும் திசையை மாற்றிக்கொடுத்து, குறைந்த பலத்தில் காலை நீட்டவைக்கிறது. அது ஓடுவதற்கென்று தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆனால் கால் நீட்டியிருக்கும்போது சில்லு அந்தப் பள்ளத்துக்குள் இருப்பதில்லை. முழங்கால் 20, 30 பாகை மடங்கிய பிறகே அது பள்ளத்தில் நன்றாக இறங்குகிறது. அதுவரை அதை வெளியே நழுவவிடாமல் பிடித்திருப்பவை உட்பக்கத் திசுக்கள். அவற்றில் சில்லையும் தொடை எலும்பையும் இணைக்கும் ஒரு மெல்லிய நார், பிடிப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைத் தானே தாங்குகிறது. சில்லு ஒருமுறை முழுதாக விலகினால் இந்த நார் அநேகமாகக் கிழிந்தோ நைந்தோ போயிருக்கும்.

எல்லா முழங்காலும் ஒரே அச்சில் வார்த்ததும் அல்ல. சிலருக்குப் பள்ளம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கும். சிலருக்குச் சில்லு இயல்பைவிட உயரத்தில் நிற்கும். சிலருக்கு மூட்டுகளே தளர்ந்தவை. கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட்டுக் காட்டுவார்கள். பிரான்சின் லியோன் நகரில் ஆன்றி தெஜூர் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சில்லு நிலைகொள்ளாத முழங்கால்களில் 85 விழுக்காட்டில் பள்ளத்தின் வடிவம் குறைபட்டிருந்தது. இது பிள்ளையின் கவனக்குறைவோ, ஆசிரியரின் கண்டிப்போ கொண்டுவந்தது அல்ல. எலும்பு அப்படி வளர்ந்திருக்கிறது. பெற்றோர் இதை முதலிலேயே அறிந்துகொண்டால் வீட்டில் நடக்கும் பாதித் திட்டு நின்றுபோகும்.

இந்தச் சில்லை மருத்துவ உலகமே ஒருகாலத்தில் குறைத்து மதிப்பிட்டது. 1937இல் ரால்ஃப் புரூக் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், உடைந்த சில்லை முழுவதுமாக எடுத்துவிடலாம், அதனால் காலுக்கு நட்டம் இல்லை என்று வாதிட்டார். அதை நம்பிப் பலருடைய சில்லுகள் அகற்றப்பட்டன. பிறகு வந்த அளவீடுகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில், தொடைத்தசையின் நெம்புபலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு சில்லு தரும் கூடுதல் என்று 1971இல் காஃபர் காட்டினார்.

விலகிய நொடியில் செய்யவேண்டியது குறைவு; செய்யக்கூடாதது அதிகம். மடங்கிய நிலையில் சில்லை அமுக்கித் தள்ளக்கூடாது. காலுக்குக் கீழே பையையோ துண்டையோ சுருட்டி அண்டக் கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். மருத்துவமனையில் வலியை அடக்கிவிட்டு, முழங்காலை மெல்ல நீட்டியபடியே சில்லை உட்பக்கம் நகர்த்துவார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கடலூர் அரசு மருத்துவமனையோ, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று மக்கள் இன்றும் சொல்கிற சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ, எதுவாக இருந்தாலும் சில்லு உட்கார்ந்ததோடு வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மூட்டு பெரிதாக வீங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். சில்லு வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் பள்ளத்தின் விளிம்பில் உரசிக் குருத்தெலும்போடு ஒரு துண்டு எலும்பையும் பெயர்த்துவிடக்கூடும். முன்பு சொன்ன ஹெல்சின்கி ஆய்வில் 72 பிள்ளைகளில் 28 பேருக்கு இப்படித் துண்டு பெயர்ந்திருந்தது. மூட்டிலிருந்து ஊசியால் எடுக்கும் இரத்தத்தில் கொழுப்புத் துளிகள் மிதந்தால், எலும்பு எங்கோ உடைந்திருக்கிறது என்று மருத்துவர் ஊகித்துவிடுவார்.

நம் ஊர்களில் ஒரு சிக்கல் இங்கே வருகிறது. சில்லு தானாகவே திரும்பிவிட்டால், அது வெளியே போனதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். "முட்டி பிசகிடுச்சு", "சுளுக்கு" என்று சொல்லி, எண்ணெய் போட்டு நீவிவிட அழைத்துப்போவார்கள். அல்லது புத்தூர் கட்டுப் பலகை மாட்டிய இடத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த மனிதர்களின் அக்கறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிதாகக் கிழிந்து இரத்தம் கசியும் திசுவை அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். மூட்டுக்குள் மிதக்கும் துண்டை எந்தக் கைப்பக்குவத்தாலும் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தால் தொடை மெலியும்.

தொடை மெலிவதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கத்தான் வேண்டும். விலகி ஒரு வாரம் ஆன பிள்ளையிடம், "படுத்தபடியே காலை நேராகத் தூக்கு" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். "தூக்கணும்னுதான் நெனைக்கிறேன், வரமாட்டேங்குது" என்று பதில் வரும். பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அது சோம்பலாகத் தெரியலாம், பயமாகத் தெரியலாம். இரண்டும் இல்லை. 1965இல் டி அந்திராதே, கிராண்ட், டிக்சன் மூவரும், முழங்கால் மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தினாலே தொடைத்தசையின் சுருக்கம் தளர்ந்துவிடுவதைக் காட்டினார்கள். 1984இல் ஸ்பென்சர் குழுவினர் அதை மில்லிலிட்டர் கணக்கில் அளந்தார்கள். உட்பக்கத் தசையை அடக்க 20 முதல் 30 மி.லி. திரவம் போதும், தொடையின் மற்றப் பகுதிகளை அடக்க 50 முதல் 60 மி.லி. தேவை. வீங்கிய மூட்டிலிருந்து புறப்படும் செய்தி தண்டுவடத்தை எட்டியதும், மூளையின் கட்டளை தசைக்குப் போகாமல் அங்கேயே தடுக்கப்படுகிறது. சில்லை உட்பக்கம் இழுத்துப் பிடிக்க எந்தத் தசை மிகவும் தேவையோ, அதுவே முதலில் அடங்கிப்போகிறது.

அதனால்தான் முதல் வாரங்களின் வேலை இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிறது. வீக்கத்தை இறக்குவது. சுருட்டிய துண்டை முழங்காலுக்குக் கீழே வைத்து அதை நசுக்குவதுபோல் தொடையை இறுக்கி, சில நொடி பிடித்து விடுவது. அது வந்த பிறகு, காலை மடக்காமல் தூக்குவது. தேவைப்பட்டால் மின்தூண்டல் கருவியால் தசையை எழுப்புவது. பிரேஸ் எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முன்பு வழக்கமாக இருந்த நீண்ட மாவுக்கட்டு இப்போது குறைந்துவிட்டது. இந்தச் சின்னப் பயிற்சிகளைப் பிள்ளைகள் வெறுப்பார்கள். மைதானத்தில் ஓடிய காலுக்குத் துண்டை நசுக்குவது பெரிய அவமானமாகப் படும். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே எண்ண வீட்டில் ஒரு ஆள் இருந்தால் அது நடக்கும்.

நம் வீடுகள் முழங்காலிடம் கேட்பது வேறு. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குந்தி எழுவது, இந்திய முறைக் கழிப்பறை, எல்லாமே ஆழமான மடிப்பு. சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே எவ்வளவு விசை ஏறுகிறது என்று ரெய்லியும் மார்ட்டென்சும் 1972இல் கணக்கிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி. படி ஏறி இறங்கும்போது எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆழமாகக் குந்தும்போது ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே கமோடு ஸ்டூல் ஒன்றைச் சில வாரங்களுக்கு வாங்கி வைப்பதும், சாப்பாட்டை நாற்காலிக்கு மாற்றுவதும் சிகிச்சையின் பகுதிகளே. பள்ளிக் கழிப்பறையை நினைத்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. தலைமையாசிரியரிடம் பெற்றோர் இதைக் கூச்சமில்லாமல் பேச வேண்டும். டவுன் பஸ்ஸின் உயரமான படிக்கு ஒரு விதி இருக்கிறது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளும் உரிய கட்டத்தில் நல்ல கருவியாகிறது. கால் நன்றாக நீளும்படி சீட்டை உயர்த்திவைத்து சமதரையில் மிதித்தால், சில்லின்மேல் அதிகச் சுமை ஏறாமல் தொடை வேலை செய்யும்.

தொடைக்கு மேலே இடுப்பும் இருக்கிறது. எடையைக் காலில் தாங்கி நிற்கும்போது சில்லு மட்டும் நகர்ந்து போகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். கிறிஸ்டோஃபர் பவர்ஸ் குழுவினர், சில்லு வெளிப்பக்கம் சரியும் நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒற்றைக்காலில் மடங்கவைத்துப் படமெடுத்து 2003இல் வெளியிட்டார்கள். சில்லு அதிகம் அசையவில்லை. அதற்கு அடியில் தொடை எலும்புதான் உட்பக்கமாகச் சுழன்றது. தொடை எலும்பை அப்படிச் சுழலவிடாமல் பிடிப்பவை பிட்டத் தசைகள். ஒருக்களித்துப் படுத்து காலை உயர்த்துவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது போன்றவை முழங்கால் நோயாளியின் பட்டியலில் வந்தது இப்படித்தான்.

இனி, முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமரும் பரதநாட்டிய நிலையான அரைமண்டிக்கு வரலாம். பாதங்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இடுப்பு ஒரே அளவு திரும்பாது. திரும்பாத மீதியை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, பாதத்தை மட்டும் தள்ளி ஈடுகட்டினால் கெண்டைக்கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். சில்லின் கீழ்நாண் பிடித்திருக்கும் இடமும் கூடவே வெளியே போகும். அப்போது தொடைத்தசையின் ஒவ்வொரு இழுப்பும் சில்லை வெளிப்பக்கமே இழுக்கும். விலகலுக்குப் பிறகு ஆட வரும் பிள்ளையின் பாதத்தை அதன் இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கு மட்டும் திருப்பவிடுகிற நடன ஆசிரியர், மருத்துவருக்கு இணையான உதவியைச் செய்கிறார். முழங்கால் பாதத்தின் நடுவிரலுக்கு நேராக நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தாலே போதும். பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவு முதலில் வரட்டும், அதுவும் ஆழமில்லாத அரைமண்டியில். முழுதாகக் குந்தும் முழுமண்டியும், குதித்து முட்டியூன்றும் மண்டி அடவும் கடைசியில் வரட்டும்.

கால்பந்துக்கு இன்னும் உறுதியான சான்று இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் ஆட்டக்காரர்கள் 1892 பேரை வைத்து சோலிகார்ட் குழுவினர் செய்த சோதனை 2008இல் வெளியானது. ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து மெத்தென்று இறங்குவது, திசை மாற்றுவது என இருபது நிமிடப் பயிற்சியை ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்த அணிகளில், எல்லா வகைக் காயங்களும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இதற்குத் தேவையான கருவி ஒரு பந்தும் ஒரு மைதானமும். கடலூரின் எந்தப் பள்ளியிலும் நாளைக்கே தொடங்கலாம்.

மறுபடியும் விலகுமா என்பதுதான் எந்த வீட்டிலும் எழும் முதல் கேள்வி. சான் டியாகோ ஆய்வில், முதல்முறை விலகியவர்களில் 17 விழுக்காட்டினருக்கு அடுத்த இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் மறுபடி விலகியது. ஏற்கெனவே விலகிப் பழகிய முழங்கால்களில் அது 49 விழுக்காடு. இளம் பிள்ளைகளை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்தால் கணக்கு கடுமையாகிறது. ஹெல்சின்கியில் 16 வயதுக்குட்பட்டவர்களை அறுவை செய்தவர், செய்யாதவர் என்று குலுக்கல் முறையில் பிரித்து, சராசரியாக 14 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2008இல் வெளியான முடிவு: அறுவை செய்யாதவர்களில் 71 விழுக்காட்டினருக்கும், செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கும் சில்லு மீண்டும் விலகியிருந்தது. கிழிந்த திசுவை உடனே தைத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி. அப்பாவுக்கோ அக்காவுக்கோ முட்டி விலகியிருந்தால் ஆபத்து கூடுதல் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே குடும்பத்தில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா என்று மருத்துவர் கேட்டால் பாட்டி வரை யோசித்துச் சொல்வது நல்லது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜாக்குவித்தும் பாரிக்கும் 2017இல் வெளியிட்ட கணிப்பு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக எடைபோட உதவுகிறது. பள்ளம் தட்டையா, சில்லு உயரமா, எலும்பு இன்னும் வளர்கிறதா, மற்றக் காலில் முன்பு விலகியிருக்கிறதா என்று நான்கு கேள்விகள். நான்குக்கும் ஆம் என்றால் மறுவிலகலின் வாய்ப்பு 88 விழுக்காடு வரை ஏறுகிறது. ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு அது குறைவு.

மீண்டும் மீண்டும் விலகினாலோ, பெயர்ந்த துண்டு மூட்டுக்குள் கிடந்தாலோ அறுவைக்குப் போக வேண்டியிருக்கும். இப்போது பெரும்பாலும் கிழிந்த நாரைத் தைப்பதோடு நிறுத்துவதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் புதிய நாராகப் பொருத்துகிறார்கள். வளரும் பிள்ளையிடம் இது நுட்பமான வேலை. அந்த நாரின் ஒரு முனை பதிய வேண்டிய இடம், தொடை எலும்பின் கீழ் வளர்தட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 70 விழுக்காடு அந்தத் தட்டில்தான் நடக்கிறது. துளை கொஞ்சம் இடம் மாறினால் கால் கோணலாக வளரும். அதனால் வளர்தட்டுகள் மூடிவிட்டனவா என்று பார்த்தே முறை தீர்மானிக்கப்படுகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டு காத்திருப்பதும் திட்டத்தின் பகுதியே.

எப்போது திரும்பி ஆடலாம்? 2019 அக்டோபர் 17 அன்று அமெரிக்கன் ஃபுட்பால் என்ற வேறொரு ஆட்டத்தின் வீரர் பாட்ரிக் மஹோம்சின் முட்டிச்சில்லு ஆட்டத்தின் நடுவில் விலகியது. களத்திலேயே அதைச் சேர்த்தார்கள். நவம்பர் 10 அன்று அவர் மறுபடி ஆடினார். அப்போது அவருக்கு வயது 24. கூடவே முழுநேர மருத்துவக் குழு. இந்தச் செய்தியைக் கைபேசியில் படித்துவிட்டு "அவருக்கு மூணு வாரம், எனக்கு ஏன் மூணு மாசம்" என்று கேட்கும் பிள்ளைக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அறுவை இல்லாமல் குணமாகிறவர்களுக்கு மூன்று, நான்கு மாதமும், புதிய நார் பொருத்தியவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது மாதமும் ஆவது வழக்கம். நாள்காட்டியைவிடக் கால் சொல்வதே முக்கியம். வீக்கம் முற்றிலும் வடிந்திருக்க வேண்டும். முழங்கால் முழுதாக நீளவும் மடங்கவும் வேண்டும். தொடையின் பலம் மற்றக் காலோடு ஒப்பிட்டால் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக்காலில் குதித்துத் தாண்டும் தூரமும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். நாட்டியாஞ்சலித் தேதியோ மாவட்டப் போட்டித் தேதியோ இதில் எதையும் மாற்றாது.

பலம் வந்த பிறகும் பயம் போகாமல் இருக்கலாம். காலை லேசாக மடக்கவைத்து மருத்துவர் சில்லை வெளிப்பக்கம் தள்ளிப் பார்க்கும்போது, பிள்ளை தன்னையறியாமல் தொடையை இறுக்கி, மருத்துவரின் கையைப் பிடித்துவிடும். 1930களிலேயே ஃபேர்பேங்க் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தப் பயத்தையே ஒரு பரிசோதனையாகப் பதிவு செய்தார். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. பயத்தோடு ஆடுகிறவர் விறைப்பாகத் தரையிறங்குவார், அடிபடாத காலையே நம்புவார். ஆகவே திரும்புவதும் படிப்படியாகத்தான். முதலில் நேர்க்கோட்டில் ஓட்டம். பிறகு வளைந்து ஓடுவது. பிறகு சொன்ன பக்கம் திரும்புவது, அதன் பிறகு எதிராளியைப் பார்த்துத் திரும்புவது. மோதல் உள்ள ஆட்டம் எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் முதலில் சில நிமிடங்கள் மட்டும். ஒவ்வொரு படியும் முடிந்த மறுநாள் காலை, பிள்ளை கட்டிலில் காலை நீட்டி இரண்டு முட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீக்கம் இல்லையென்றால் அடுத்த படி. வீங்கியிருந்தால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு முந்தைய படி.